நெய்க்கு வரி குறைந்ததும் ஆகஸ்ட் கணக்கு மாறியது எப்படி?

2025 செப்டம்பர் 22. நவராத்திரி தொடங்கிய நாள்; ஜிஎஸ்டி விகிதங்கள் மாறிய நாளும் அதுவே. நெய், வெண்ணெய், பாலாடைக்கட்டிக்கு 12 சதவீதமாக இருந்த வரி 5 ஆனது. சோப்பு, ஷாம்பு, பற்பசை எல்லாம் 18இலிருந்து 5க்கு இறங்கின. மளிகைக் கடை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். பில் போடத் தனி மென்பொருள் இருந்தாலும், கணக்கு எழுதும் பெண் நெய் விற்பனைக்கென்று எக்செல்லில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறார். தேதி, பில் எண், மதிப்பு, வரி, மொத்தம் என்று ஐந்து நெடுவரிசைகள். 'வரி' என்ற தலைப்பின் கீழுள்ள கட்டங்களில் எல்லாம் மதிப்பை 12 சதவீதத்தால் பெருக்கும் சூத்திரம். ஏப்ரலிலிருந்து சேர்ந்தவை நானூற்றுச் சொச்சம் வரிசைகள்.

புது விகிதத்தில் முதல் பில்லை ஏற்றுகிறார். வரிக் கட்டத்துக்குள் போய் 12ஐ எடுத்துவிட்டு 5 போட்டு என்டர் தட்டுகிறார். அந்தக் கட்டத்தில் சரியான தொகை வந்துவிட்டது. ஆனால் மேலே பார்த்தால், 600 ரூபாய் நெய்க்கு 72 ரூபாய் என்று இருந்த ஆகஸ்ட் மாத வரிசையில் 30 ரூபாய் நிற்கிறது. அதற்கு மேலே ஜூலையும் அப்படியே.

"அண்ணாச்சி, பழைய வரியெல்லாம் குறைஞ்சு போச்சு!"

"என்னம்மா சொல்றே? கட்டி முடிச்ச வரி எப்படிக் குறையும்?"

அண்ணாச்சி கேட்டது நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடினால், விரிதாள் என்ற பொருள் உள்ளுக்குள் எப்படி யோசிக்கிறது என்பதே புலப்பட்டுவிடும். கணினியில் வைரஸ் இல்லை, கை தவறி எதையும் அழுத்தவில்லை. எக்செல் தனக்குச் சொல்லப்பட்டதைத்தான் செய்தது. என்ன சொல்லப்பட்டது என்பதில்தான் இருவருக்கும் கருத்து வேறுபாடு. ஒரு கட்டத்தை மாற்றுகிறோம் என்று அந்தப் பெண் நினைத்தார். ஒரு விதியை மாற்றச் சொல்கிறார் என்று எக்செல் எடுத்துக்கொண்டது.

கட்டம் எப்போது விதி ஆனது? கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1979இல் ஆப்பிள் 2 கணினிக்காக டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்ஸ்டனும் கொண்டுவந்த விசிகால்க்தான் தனிநபர் கணினியில் விரிதாளைப் பரப்பிய மென்பொருள். ஒரு கட்டத்தில் எழுதிய சூத்திரத்தைக் கீழுள்ள இருபது கட்டங்களுக்கும் படியெடுக்க அதில் ஒரு கட்டளை இருந்தது. படியெடுக்கும்போது அது சும்மா எடுத்துவிடாது. சூத்திரத்துக்குள் வரும் ஒவ்வொரு கட்ட முகவரியையும் காட்டி, 'இதை இப்படியே வைக்கவா, இடத்துக்குத் தக்கபடி மாற்றவா?' என்று கேட்கும். மூன்று முகவரி இருந்தால் மூன்று கேள்வி. பொறுமையைச் சோதிக்கிற ஏற்பாடுதான். ஆனாலும் ஒரு உண்மையை அது மறைக்கவில்லை: முகவரி எழுதுவதில் இரண்டு நோக்கங்கள் இருக்க முடியும்.

சி2 என்று எழுதினால் 'அந்தக் குறிப்பிட்ட கட்டம்தான், வேறெதுவும் இல்லை' என்று பொருள் கொள்ளலாம். 'நான் இருக்கும் இதே வரிசையில் எனக்கு இடப்பக்கத்துக் கட்டம்' என்றும் பொருள் கொள்ளலாம். முன்னதை நிலைச்சுட்டு என்றும் பின்னதைச் சார்புச்சுட்டு என்றும் சொல்வோம். பின்னாளில் வந்த விரிதாள்கள் கேள்வி கேட்பதை விட்டுவிட்டன. டாலர் குறி போட்டால் நிலைச்சுட்டு, போடாவிட்டால் சார்புச்சுட்டு என்று ஒரு வழக்கம் ஏற்பட்டது. நாம் பெரும்பாலும் டாலர் போடுவதில்லை என்பதால், படியெடுக்கும்போது சி2 என்பது சி3, சி4 என்று தானாக நகர்கிறது.

இந்த நகர்வு வெறும் தோற்றம் என்பதைக் கண்ணாலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. எக்செல்லுக்கு முன்பு, 1982இல், மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட மல்டிபிளான் என்ற விரிதாளில் கட்டங்களுக்கு எழுத்து முகவரி கிடையாது. 'இதே வரிசை, ஒரு நெடுவரிசை இடப்பக்கம்' என்கிற மாதிரிதான் சூத்திரம் எழுதுவார்கள். அந்த எழுத்துமுறை எக்செல்லில் இன்றும் இருக்கிறது. ஆப்ஷன்ஸ் பகுதியில் சூத்திரங்களுக்கான பக்கத்தில் ஆர்1சி1 என்ற பெட்டியைத் தேர்ந்தால் போதும். தேர்ந்துவிட்டு நெய்ப் பதிவேட்டைப் பாருங்கள். சி2, சி3, சி4 என்று வேறுவேறாகத் தெரிந்த நானூறு சூத்திரங்களும் இப்போது எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும். அதாவது நானூறு சூத்திரங்கள் என்று நாம் எண்ணியது நானூறு இடத்தில் எழுதப்பட்ட ஒரே சூத்திரம்.

ஒரே சூத்திரம் என்றால் அதை நானூறு இடத்தில் ஏன் எழுத வேண்டும்? ஓரிடத்தில் வைத்தால் போதாதா? இந்தக் கேள்வியை லோட்டஸ் நிறுவனம் தீவிரமாக எடுத்துக்கொண்டது. 1991இல் நெக்ஸ்ட் கணினிக்கு அவர்கள் வெளியிட்ட இம்ப்ரூவ் என்ற மென்பொருளில் எண்கள் ஒரு பக்கம், சூத்திரங்கள் தனியே இன்னொரு பக்கம். 'வரி என்பது மதிப்பு பெருக்கல் விகிதம்' என்கிற பாணியில் நெடுவரிசைப் பெயர்களைக் கொண்டு ஒரே ஒரு தடவை எழுதினால் முடிந்தது. அழகான ஏற்பாடு. சந்தையில் நிற்கவில்லை. எங்கே வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளும் சுதந்திரம் மக்களுக்குப் பழகிவிட்டிருந்தது.

எக்செல் 2007 ஒரு நடுவழியைப் பிடித்தது. வெறும் கட்டங்களின் ஒரு பகுதியைத் தேர்ந்து கன்ட்ரோலையும் டி விசையையும் சேர்த்து அழுத்தினால் அந்தப் பகுதி 'அட்டவணை' ஆகிவிடும். பட்டை பட்டையாக நிறம் வரும், தலைப்பில் வடிகட்டும் பொத்தான் வரும். பலர் இதை அலங்காரம் என்றே நினைத்துப் பயன்படுத்துகிறார்கள். உண்மையான மாற்றம் உள்ளே நடக்கிறது. அட்டவணைக்குள் சி2 என்று எழுத வேண்டாம்; =[@மதிப்பு]*12% என்று பெயரைச் சொல்லியே எழுதலாம். '@' என்றால் 'இந்த வரிசையில் உள்ள'. இதைப் பெயர்வழிச் சுட்டு எனலாம். தலைப்பைத் தமிழில் வைத்தாலும் எக்செல் ஒன்றும் சொல்வதில்லை. இப்படி ஒரு சூத்திரத்தைக் காலியாக உள்ள நெடுவரிசையின் ஏதாவது ஒரு கட்டத்தில் எழுதி என்டர் தட்டினால் நெடுவரிசை முழுதும் அது நிரம்பிவிடுகிறது. அந்த நெடுவரிசைக்குக் கணிப்பு நெடுவரிசை என்று பெயர் வைத்துக்கொள்வோம். நெய்ப் பதிவேடும் இப்படிப்பட்ட அட்டவணைதான்; அதனால்தான் ஒரு கட்டத்தில் செய்த மாற்றம் நெடுவரிசை முழுதும் பரவியது.

கல்யாணப் பந்தியில் பாயசம் வருவதைப் போன்றது இது. பரிமாறுகிறவர் இலைக்கு இலை நின்று ஆலோசனை நடத்துவதில்லை. இந்த வரிசைக்குப் பாயசம் என்று உத்தரவாகிவிட்டது, வாளி நகர்கிறது. கடைசியில் ஒருவர் தாமதமாக வந்து உட்கார்ந்தாலும் அவர் இலைக்கும் பாயசம் வந்துவிடும். நடுவில் சர்க்கரை நோயாளி ஒருவர் இலைக்கு மேல் கையை வைத்து மறிக்கிறார். அவர் இலை மட்டும் காலி. ஆனால் அவர் மறித்ததால் உத்தரவு மாறிவிடாது. அவருக்கு அடுத்த இலைக்குப் பாயசம் போகிறது. அவர் எழுந்துபோய் அடுத்த பந்திக்கு அதே இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்தால் அவருக்கும் போகும்.

உத்தரவு இலையில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது என்பதுதான் இதில் முக்கியம். எக்செல்லிலும் அப்படித்தானா, அல்லது மேலுள்ள கட்டத்தைப் பார்த்துக் கீழே படியெடுக்கிறதா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். பிரித்தறிய ஒரு சின்னச் சோதனை போதும்.

ஐந்து வரிசை கொண்ட அட்டவணை ஒன்று செய்யுங்கள். கடைசி நெடுவரிசையில் சூத்திரம் எழுதி நிரம்பவிடுங்கள். இப்போது ஐந்தாவது வரிசையின் சூத்திரத்தின் மேல் 99 என்று எழுதிவிடுங்கள். அந்தக் கட்டத்திலேயே நின்று டேப் விசையைத் தட்டினால் ஆறாவது வரிசை பிறக்கும். மேலுள்ள கட்டத்தைப் பார்த்து எக்செல் படியெடுப்பதாக இருந்தால் ஆறாவதில் 99 வரவேண்டும், அல்லது ஒன்றுமே வரக்கூடாது. வருவது பழைய சூத்திரம். ஆக, சூத்திரம் கட்டங்களில் மட்டும் இல்லை. நெடுவரிசை என்ற ஒன்று அதை நினைவில் வைத்திருக்கிறது.

இன்னும் நேரடியான சாட்சி வேண்டும் என்பவர்கள் கோப்பையே திறந்து பார்த்துவிடலாம். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப் கோப்பு. இதன் அமைப்பு 2006இல் ஈசிஎம்ஏ-376 என்ற பொதுத் தரமாக வெளியிடப்பட்டது, யாரும் படிக்கலாம். ஒரு நகல் எடுத்து, பெயரின் வாலை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே கோப்புறைகள். ஒரு கோப்புறையில் தாள்கள். அவற்றில் ஒவ்வொரு கட்டமும் தன் சூத்திரத்தோடும் விடையோடும் எழுதப்பட்டிருக்கும். பக்கத்திலேயே 'டேபிள்ஸ்' என்று இன்னொரு கோப்புறை. அதிலுள்ள சிறிய எக்ஸ்எம்எல் கோப்பை நோட்பேடில் திறந்தால் அட்டவணையின் நெடுவரிசைகள் பெயர் பெயராக வரும். 'வரி' என்ற பெயருக்குக் கீழே 'கால்குலேட்டட்காலம்ஃபார்முலா' என்ற குறிச்சொல்லுக்குள், எந்தக் கட்டத்தோடும் ஒட்டாமல், அந்தச் சூத்திரம் தனியாக உட்கார்ந்திருக்கும். லோட்டஸ்காரர்கள் தனிப் பக்கத்தில் எழுதிக் காட்டியதை எக்செல் உள்ளறையில் வைத்திருக்கிறது. காட்டாமல் வைத்திருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம் என்பது என் எண்ணம். தலைப்புக் கட்டத்தின் மேல் சுட்டியை வைத்தால் 'இந்த நெடுவரிசையின் விதி இது' என்று ஒரு வரி தெரிந்தால் போதும், பாதிப் புலம்பல் நின்றுவிடும்.

சரி, நினைவில் உள்ள விதிக்கும் கட்டத்தில் உள்ளதற்கும் முரண்பாடு வந்தால்? கட்டம் விதிவிலக்காகிவிடும். அதன் இடது மேல் மூலையில் பச்சை முக்கோணம் ஒன்று தலைகாட்டும். சூத்திரத்தின் மேல் எண்ணை எழுதினாலும், வேறு சூத்திரம் ஒட்டினாலும் இது நடக்கும். விதிவிலக்கு ஒன்று இருக்கும் நெடுவரிசையில் புதுச் சூத்திரம் எழுதினால் அது தானாகப் பரவாது. அதுவும் இன்னொரு விதிவிலக்காகவே நிற்கும். பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான் தோன்றி, 'நெடுவரிசை முழுதையும் இதைக் கொண்டு மேலெழுதவா?' என்று மட்டும் கேட்கும். இந்த இடத்தில் எக்செல்லின் தயக்கம் நியாயமானது. யாரோ வேண்டுமென்றே எதையோ மாற்றியிருக்கிறார்கள். அதை அழிப்பது தன் வேலையல்ல என்று அது ஒதுங்குகிறது.

ஒரே ஒரு விதிவிலக்குக்கு மட்டும் பச்சை முக்கோணம் வருவதில்லை. கட்டத்தைத் தேர்ந்து டெலிட் தட்டிச் சூத்திரத்தை அழித்துவிட்டால், அந்த வெற்றிடம் எந்த அடையாளமும் இல்லாமல் அப்படியே கிடக்கும். கூட்டுத்தொகையில் அது பூஜ்யமாகச் சேரும். தப்பான எண்ணையாவது ஒரு நாள் யாராவது பார்த்துவிடுவார்கள். ஒன்றுமில்லாத இடத்தை யார் பார்ப்பது?

இத்தனை வம்பு இருக்கும்போது இந்தத் தானியங்கிப் பரவலே எதற்கு என்று கேட்கலாம். அது இல்லாத இடத்தில் என்ன நேர்ந்தது என்பதற்குப் பெயர்பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. 2010இல் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற பொருளியலாளர்கள், அரசின் கடன் நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சரிகிறது என்று எழுதினார்கள். பல நாடுகளின் சிக்கன நடவடிக்கை விவாதங்களில் அந்தக் கட்டுரை எடுத்தாளப்பட்டது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் ஆய்வு மாணவராக இருந்த தாமஸ் ஹெர்ண்டன் தன் பாடப் பயிற்சிக்காக அந்தக் கணக்கை மறுபடி செய்து பார்த்தார். விடை ஒத்துவரவில்லை. ஆசிரியர்களிடமே கேட்டு எக்செல் கோப்பை வாங்கினார். சராசரி எடுக்கும் சூத்திரம் 30ஆம் வரிசையில் தொடங்கி 44இல் நின்றுவிட்டிருந்தது. நாடுகளின் பட்டியலோ 49 வரை இருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்தும் கணக்கிலேயே இல்லை.

2013இல் ஹெர்ண்டனும் அவருடைய ஆசிரியர்கள் மைக்கேல் ஆஷ், ராபர்ட் போலின் இருவரும் வெளியிட்ட மறுகணக்கில், அதிகக் கடன் நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 அல்ல, 2.2 சதவீதம் என்று வந்தது. அந்த வேறுபாட்டில் விரிதாள் பிழைக்குச் சிறு பங்குதான். எந்த ஆண்டுகளைச் சேர்த்தார்கள், நாடுகளுக்கு எப்படி எடை போட்டார்கள் என்பதே பெரிய பங்கு. பத்திரிகைகள் எக்செல்லை மட்டும் பிடித்துக்கொண்டது கொஞ்சம் அநியாயம். ஆனாலும் வரிசை விட்டுப்போன அந்த ஒரு பிழையின் சுபாவத்தைக் கவனியுங்கள். தொடக்கமும் முடிவும் எண்ணால் சொல்லப்பட்ட சூத்திரம் அது. பட்டியலோடு சேர்ந்து வளராது. 'வளர்ச்சி என்ற நெடுவரிசையின் சராசரி' என்று பெயரால் சொல்லியிருந்தால் ஐந்து நாடுகள் வெளியே நின்றிருக்க வாய்ப்பில்லை. தானாகப் பரவுவதும் தானாக நீள்வதும் இந்த நோய்க்குத்தான் மருந்து. அதனால் இந்த வசதி நிறுவும்போதே இயக்கத்தில் இருப்பது சரியென்றே சொல்வேன்.

சரியான வசதிக்கும் கடிவாளம் வேண்டும். இருக்கும் கடிவாளங்களில் எளியது கன்ட்ரோலும் இசட்டும். எக்செல், நாம் எழுதியதை ஒரு செயலாகவும் அதைத் தான் பரப்பியதை இன்னொரு செயலாகவும் கணக்கு வைக்கிறது. அதனால் ஒரு தடவை செயல்நீக்கினால் பரவல் மட்டும் திரும்பிப்போகும். நாம் எழுதிய சூத்திரம் அந்த ஒற்றைக் கட்டத்தில் தங்கும். பலர் பதற்றத்தில் இரண்டு மூன்று முறை தட்டி எழுதியதையும் சேர்த்து இழக்கிறார்கள். பரவிய உடனே கட்டத்தின் அருகில் வரும் மின்னல் படம் போட்ட பொத்தானிலும் இதே வாய்ப்பு இருக்கிறது. 'இனிமேல் தானாகக் கணிப்பு நெடுவரிசை உருவாக்காதே' என்ற வாய்ப்பும் அதிலேயே அடுத்த வரியில்.

அந்த அடுத்த வரியை அழுத்துமுன் யோசிக்க வேண்டும். அது இந்த நெடுவரிசையை மட்டும் கட்டுப்படுத்தும் சுவிட்ச் அல்ல. உங்கள் கணினியின் எக்செல் முழுவதற்குமான சுவிட்ச். ஆறு மாதம் கழித்து வேறொரு கோப்பில் சூத்திரம் ஏன் பரவவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்வீர்கள். மறுபடி இயக்க வேண்டுமானால் ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் என்று போய், தட்டச்சும்போதே வடிவமைக்கும் தாவலில் கடைசியாகக் கிடக்கும் 'ஃபில் ஃபார்முலாஸ் இன் டேபிள்ஸ்' என்ற பெட்டியைக் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்துப்பிழை திருத்தும் பக்கத்துக்குள் கணக்கு விதியின் சுவிட்சைக் கொண்டுபோய் வைக்கலாம் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. மேக்ரோ எழுதுகிறவர்கள் இதே சுவிட்சை 'ஆட்டோஃபில்ஃபார்முலாஸ்இன்லிஸ்ட்ஸ்' என்ற பெயரில் தங்கள் நிரலிலிருந்தே அணைக்கலாம். அட்டவணை என்ற பெயர் வருவதற்கு முன், 2003 பதிப்பில் இருந்த 'லிஸ்ட்' என்ற பழைய பெயர் அதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேலை முடிந்ததும் மறுபடி இயக்கிவைக்க மறந்த மேக்ரோ, பயனருக்குத் தெரியாமலே அவர் எக்செல்லின் குணத்தை மாற்றிவிட்டுப் போய்விடும்.

எக்செல்லின் தானியங்கிக் குணம் கணினியோடு இருக்கிறது, கோப்போடு அல்ல என்பதன் விளைவை மரபியலாளர்கள் வேறொரு விஷயத்தில் நன்றாக அனுபவித்தார்கள். மார்ச்1 என்ற பெயரில் மனித மரபணு ஒன்று இருந்தது. எக்செல்லில் எழுதினால் அது மார்ச் முதல் தேதி ஆகிவிடும். 2016இல் வெளியான ஓர் ஆய்வு, மரபணுப் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்திருந்த அறிவியல் கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒன்றில் இப்படிப் பெயர் கெட்டுப்போயிருப்பதைக் கண்டது. தன் கணினியில் ஒருவர் கவனமாக இருந்தாலும் கோப்பு அடுத்தவர் கைக்குப் போனதும் கதை திரும்பத் தொடங்கிவிடும். 2020இல் மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு மரபணுவின் பெயரையே மார்ச்எஃப்1 என்று மாற்றிவிட்டது. இந்தத் தானியங்கி மாற்றத்தை அணைக்கும் வாய்ப்பை மைக்ரோசாஃப்ட் அதற்குப் பிறகு, 2023இல்தான், கொண்டுவந்தது.

நெய்ப் பதிவேட்டுக்கு வருவோம். கன்ட்ரோலும் இசட்டும் தட்டியாகிவிட்டது. ஆகஸ்டில் 72 ரூபாய் திரும்பிவிட்டது, புதுப் பில்லில் 30 ரூபாய் நிற்கிறது. பிரச்சினை தீர்ந்த மாதிரி இருக்கும். தீரவில்லை. புதுப் பில்லின் வரிக் கட்டம் இப்போது விதிவிலக்கு. விதி இன்னும் 12 சதவீதம்தான். அடுத்த பில்லை ஏற்றினால் மறுபடி 12 வரும். ஒவ்வொரு பில்லுக்கும் கையால் 5 ஆக்க வேண்டும். ஒரு நாள் மறந்துபோகும்.

தலைகீழாகவும் செய்யலாம்: பழைய வரிசைகளின் வரித்தொகையைச் சூத்திரம் நீக்கி வெறும் எண்களாக ஒட்டிவிட்டு, 5 சதவீதத்தை விதியாக்குவது. கணக்கு அலுவலகங்களில் பலரும் செய்வது இதைத்தான். வேலை நடக்கும். ஆனால் நானூறு பச்சை முக்கோணம் வரிசையாக நிற்கும். அவற்றைச் சொடுக்கினால் வரும் பட்டியலில் 'கணிப்பு நெடுவரிசைச் சூத்திரத்துக்கு மீட்டமை' என்ற பொருளில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. நல்ல எண்ணத்தோடு ஒருவர் வந்து 'என்ன இத்தனை பிழை' என்று மொத்தமாகத் தேர்ந்து மீட்டமைத்தால் ஆகஸ்ட் மறுபடி 30 ரூபாய்.

இரண்டு வழியும் தடுமாறுவதற்கு ஒரே காரணம்தான். பதிவேடு நடந்து முடிந்ததைச் சொல்வது. சூத்திரமோ எப்போதும் நிகழ்காலத்தில் பேசுவது. கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் 'இந்த வரிசையின் வரி எவ்வளவு' என்ற கேள்விக்கு அது இப்போதைய விதியைக் கொண்டே பதில் சொல்லும். அண்ணாச்சியின் கேள்வியை எக்செல்லிடம் கேட்டால், கட்டி முடித்த வரி என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. 12 சதவீதத்தைச் சூத்திரத்துக்குள் எழுதாமல் தனிக் கட்டம் ஒன்றில் வைத்து, டாலர் குறி போட்டு எடுத்துக்கொள்வது நல்ல பழக்கம் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். பதிவேட்டுக்கு அந்த அறிவுரையும் உதவாது. அந்த ஒரு கட்டத்தை 5 ஆக்கினால் பழையதெல்லாம் கூடவே மாறும்.

விதியிலிருந்து விகிதத்தை வெளியே எடுத்து, ஒவ்வொரு வரிசைக்கும் அதன் சொந்தத் தகவலாகக் கொடுத்துவிட்டால் சிக்கல் அவிழ்கிறது. 'விகிதம்' என்று ஒரு நெடுவரிசை சேருங்கள். பில்லில் என்ன விகிதம் அச்சாகியிருக்கிறதோ அதை அதில் எழுதுங்கள்: பழையவற்றுக்கு 12%, புதியவற்றுக்கு 5%. வரி நெடுவரிசையில் =[@மதிப்பு]*[@விகிதம்] என்று ஒரே விதி. அது எல்லா வரிசையிலும் பரவட்டும், பரவ வேண்டியதுதான். மாறுவது தகவல், மாறாதது விதி என்று பிரிந்த பிறகு தானியங்கிப் பரவலுக்குக் கெடுக்க எதுவும் மிச்சமில்லை.

விகிதத்தையும் கையால் எழுத அலுப்பாக இருந்தால், தொடக்கத் தேதிகளோடு ஒரு சின்ன விகித அட்டவணை வைத்து, எக்ஸ்லுக்அப் கொண்டு பில் தேதிக்குரியதை எடுக்கலாம். 2017 ஜூலை 1 முதல் 12%, 2025 செப்டம்பர் 22 முதல் 5%, இரண்டே வரிசை. தேதி சரியாகப் பொருந்தாவிட்டால் அதற்கு முந்தைய தேதியை எடு என்று சொல்லிவிட வேண்டும். கேட்க நன்றாக இருந்தாலும் எனக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. அடுத்த முறை விகிதம் மாறும்போது புது வரிசை சேர்க்காமல் பழைய வரிசையையே ஒருவர் திருத்திவிட்டால் வரலாறு மறுபடி அழியும். பில்லில் அச்சானது ஒரு உண்மை. அதை எண்ணாகவே எழுதிவைப்பது பதிவேட்டுக்குப் பொருத்தம். 5%, 12% தவிர வேறு எதையும் அந்த நெடுவரிசை ஏற்காதபடி பட்டியல் கட்டுப்பாடு போட்டுவிட்டால் தட்டச்சுப் பிழைக்கும் இடமில்லை.

ஏற்கெனவே பல கைகள் புகுந்து எழுதிய பழைய கோப்பு கிடைத்தால் எங்கே எது மாறியிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வேறு சூத்திரம் புகுந்த இடங்களைப் பச்சை முக்கோணம் காட்டிவிடும். அடையாளமே இல்லாத வெற்றிடங்களுக்கு 2013 பதிப்பில் வந்த இஸ்ஃபார்முலா உதவும். ஒரு கட்டத்தில் சூத்திரம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பதில் சொல்லும் செயற்கூறு அது. அட்டவணையின் ஓரத்தில் தற்காலிகமாக ஒரு நெடுவரிசை திறந்து, முதல் கட்டத்தில் =இஸ்ஃபார்முலா([@வரி]) என்ற பொருளில் ஆங்கில எழுத்துகளில் எழுதி என்டர் தட்டுங்கள். நானூறு வரிசையிலும் அது ஒரு நொடியில் தானாகப் பரவிவிடும். தலைப்பிலுள்ள வடிகட்டியில் 'இல்லை' என்ற பதில் வந்தவற்றை மட்டும் தேர்ந்தால், கையால் எழுதப்பட்டவையும் அழிந்துபோனவையும் பில் எண்ணோடு வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொன்றையும் பில் புத்தகத்தோடு ஒப்பிட்டு முடித்ததும் அந்தத் தற்காலிக நெடுவரிசையை நீக்கிவிடலாம்.